வீடும் ஊரும்: டீச்சர் தனியாக நட்டால் மரம் நிற்குமா?

ஜூன் 5 என்றால் உலகச் சுற்றுச்சூழல் தினம். 1972-ல் ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் ஐ.நா. சபை கூட்டிய மாநாட்டை ஒட்டி, 1973 முதல் வருஷா வருஷம் கொண்டாடி வருகிறார்கள். நம்ம ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் அன்றைக்கு, அல்லது பள்ளி திறந்த அந்த வாரத்திலேயே, ஒரு குழி தோண்டி, ஒரு கன்று நட்டு, பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்து விடுவார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சகோதரிகளே, அடுத்த ஜூனில் அதே குழியில் இன்னொரு கன்று நடுகிறார்களா என்று மட்டும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்!

எங்கள் குஜிலியம்பாறைப் பக்கம் வானம் பார்த்த பூமி. எங்களுக்கு நம்பிக்கையான மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். ஆனி, ஆடியில் மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற காற்று. அந்தக் காற்றில் முழங்கால் உயரக் கன்று என்ன பாடுபடும் என்று விவசாய வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நட்ட கன்று ஆடியில் தப்பித்தால் ஆட்டு வாயில் போகிறது. ஆட்டுக்கும் தப்பித்தால் மே மாத லீவில் கருகிப் போகிறது. இதில் டீச்சர் செய்த குற்றம் என்ன? மேலே இருந்து உத்தரவு ஜூனில் வருகிறது, அவர் ஜூனில் நடுகிறார். தண்ணீர் ஊற்ற வேண்டிய மே மாதத்தில் பள்ளிக்கூடமே பூட்டிக் கிடக்கிறது.

அதனால்தான் இந்த முறை, பள்ளிக்கூடத்தில் சுற்றுச்சூழலைக் காக்க நினைக்கிற ஆசிரியர்களுக்கு வீட்டில் இருக்கிற நாம் எப்படித் தோள் கொடுக்கலாம் என்று எழுதுகிறேன்.

டீச்சரின் ஒரு நாள்

ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிற ஒரு டீச்சரிடம் பேசிக் கொண்டிருந்தேன். "அக்கா, அஞ்சு வகுப்புக்கு ரெண்டே பேரு. அவர் மீட்டிங்குக்குப் போயிட்டா அன்னிக்கு நான் ஒருத்திதான். பாடம் நடத்தணும், வருகைப் பதிவை போன்ல ஏத்தணும், சாப்பாட்டுக் கணக்கைப் பார்க்கணும். செடிக்குத் தண்ணி ஊத்துங்கடான்னு நாலு பசங்களை அனுப்பினா, மறுநாள் ஒரு அம்மா வந்து, 'எம்புள்ளையப் படிக்க அனுப்பினேனா, தண்ணி சொமக்க அனுப்பினேனா'ன்னு சண்டைக்கு நிக்கிறாங்க. அப்புறம் எனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தானே? பள்ளியில் ஒன்றைச் சொல்லிக் கொடுத்து, வீட்டில் அதற்கு நேர்மாறாக நடந்தால் பிள்ளை யாரை நம்பும்? "பிளாஸ்டிக் பையை வாங்காதே" என்று டீச்சர் சொல்லி அனுப்புகிறார். பிள்ளையின் மத்தியானச் சாம்பாரையே நாம் பிளாஸ்டிக் கவரில் கட்டி வாங்கி வருகிறோம். பாடப்புத்தகத்தில் எத்தனை பக்கம் அச்சடித்தாலும் இந்த ஒரு கவர் அத்தனையையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

சட்டம் என்ன சொல்லியிருக்கிறது?

சுற்றுச்சூழல் படிப்பு ஏதோ நேற்று வந்த பாஷன் இல்லை. எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் போட்ட பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயமாகக் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 2003 டிசம்பரில், அதே வழக்கில் பள்ளிகளுக்கான பாடத்திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பை என்.சி.இ.ஆர்.டி.யிடம் ஒப்படைத்தது.

இதற்கு நடுவில் 2001-02-ல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் தேசிய பசுமைப் படையை ஆரம்பித்தது. பள்ளிதோறும் சுற்றுச்சூழல் மன்றம், அதற்கு ஒரு பொறுப்பாசிரியர் என்று ஏற்பாடு. மன்றத்துக்குத் தொடக்கத்தில் வருஷத்துக்கு 2,500 ரூபாய் கொடுத்தார்கள். பிறகு 5,000 ஆக்கினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 ரூபாயை 12 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 417 ரூபாய் கூட முழுசாக வராது. ஒரு தண்ணீர்க் குழாய், நாலு மண்வெட்டி வாங்கினால் தீர்ந்தது. ஆகவே பணத்தைக் காட்டிலும் ஆள் பலம்தான் அந்த ஆசிரியருக்குத் தேவை. அந்த ஆள் பலம் நாம்தான்.

நமக்கு உரிமையும் இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (சட்டம் இயற்றியது 2009-ல்) அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதன் உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதே இந்தக் குழுவின் வேலை. தமிழ்நாட்டில் 2022-ல் 20 பேர் கொண்டதாக இந்தக் குழுக்களைப் புதுப்பித்தார்கள். 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள்.

குழுவில் பேர் இருக்கிறது, கையெழுத்தும் போட்டிருக்கிறோம். ஆனால் கூட்டத்துக்குப் போனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருகிறோம். அடுத்த முறை போகும்போது, "தண்ணீருக்கும் மரத்துக்கும் குப்பைக்கும் வளர்ச்சித் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கேட்ட கையோடு, "அதிலே இந்த ஒரு வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றும் சொல்லுங்கள். கேள்வி மட்டும் கேட்டால் டீச்சருக்குப் பாரம் கூடும். வேலையையும் எடுத்துக்கொண்டால்தான் பாரம் குறையும்.

நம்ம மாவட்டத்துக்குப் புதிது இல்லை

கையால் வேலை செய்து படிப்பது திண்டுக்கல் சீமைக்குப் பழகிய விஷயம். 1937-ல் காந்திஜி வார்தாவில் கூட்டிய கல்வி மாநாட்டில் பிறந்தது ஆதாரக் கல்வி. நூல் நூற்பது, தோட்டம் போடுவது, சுற்றுப்புறத்தைத் துப்புரவாக வைப்பது எல்லாம் அதில் பாடத்தோடு சேர்ந்தவை. சுதந்திரம் வந்த 1947-லேயே டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரன் அவர்களும் நம் மாவட்டத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கி, அந்தக் கல்வியை இங்கே வேரூன்றச் செய்தார்கள். அந்த அம்மையார் டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்தவர், டாக்டருக்குப் படித்தவர். அவர் நினைத்திருந்தால் பட்டணத்திலேயே சுகமாக இருந்திருக்கலாம்.

வெளிநாட்டைப் பாருங்கள். ஜப்பானில் பிள்ளைகளே முறை வைத்து வகுப்பறையைக் கூட்டித் துடைக்கிறார்கள், மத்தியானச் சாப்பாட்டையும் அவர்களே பரிமாறுகிறார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் அதே துடைப்பம்தான். ஐரோப்பாவில் 1994-ல் டென்மார்க் உள்ளிட்ட சில நாடுகள் சுற்றுச்சூழல் பள்ளி என்று ஒரு திட்டம் தொடங்கி, இன்று பல நாடுகளில் நடக்கிறது. அதில் பிள்ளைகளும் இருக்கிற குழு அமைப்பது முதல் வேலை. பள்ளியில் தண்ணீர், மின்சாரம், குப்பை எவ்வளவு என்று கணக்கெடுப்பது அடுத்த வேலை. கணக்கெடுத்த பிறகுதான் மற்றதெல்லாம். இந்த ஒன்றை நாம் அவர்களிடமிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். குடும்பச் செலவுக்கு நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுகிற நமக்கு இது வராதா என்ன?

முதலில் ஒரு வாரக் கணக்கு

நாலாவது, அஞ்சாவது படிக்கிற பிள்ளைகளை விட்டு ஒரு வாரம் கணக்கெடுக்கச் சொல்லலாம். டீச்சருக்கு இது கணக்குப் பாடமாகவும் ஆகிவிடும்.

தண்ணீர்: 60 பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தட்டும் கையும் கழுவ ஆளுக்கு 2 லிட்டர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 120 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 8 குடம். இந்த 8 குடமும் குழாயடியில் சேறாகி, கொசு வளர்க்கிறதா, செடிக்குப் போகிறதா?

மழை: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 30 அடிக்கு 20 அடி உள்ள வகுப்பறைக் கட்டடம் சுமார் 56 சதுர மீட்டர். ஓர் அங்குல மழை பெய்தால் அந்த ஒரு மாடியில் மட்டும் ஏறக்குறைய 1,400 லிட்டர் விழும். 90 குடத்துக்கு மேல்! இதை யாராவது தலையில் சுமந்து வந்தால் என்ன கூலி கேட்பார்கள்?

மின்சாரம்: 75 வாட் மின்விசிறி நாலு, சாப்பாட்டு வேளையில் ஆளில்லாத அறையில் ஒரு மணி நேரம் சுற்றினால் 300 வாட்-மணி. 200 பள்ளி நாளைக்கு 60 யூனிட். ஸ்விட்சை அணைக்க ஒரு பிள்ளைக்குப் பொறுப்புக் கொடுத்தால் போதும்.

குப்பை: ஒரு வாரம் சேருகிற குப்பையைச் சாக்கில் பிரித்துப் போட்டு எடை பாருங்கள். மிட்டாய்க் காகிதம், தின்பண்ட உறை, ரீஃபில் தீர்ந்த பேனா, உடைந்த ஸ்கேல் என்று பிள்ளைகளே எண்ணட்டும். தாங்கள் எண்ணிய குப்பையை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

நாம் எடுத்துக்கொள்ளக் கூடிய வேலைகள்

எல்லாவற்றையும் ஒருத்தியே தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஒரு வீட்டுக்கு ஒரு வேலை போதும்.

ஒன்று, கோடைத் தண்ணீர். ஏப்ரல் கடைசியில் பள்ளி பூட்டுவதற்கு முன்பே, எந்த மரம் எந்த வீட்டுப் பொறுப்பு என்று பேர் எழுதி ஒட்டிவிட வேண்டும். தினமும் ஓட வேண்டியதில்லை. ஓட்டையான பழைய மண்பானை எல்லார் வீட்டிலும் கிடக்கும். அடியில் சின்ன ஓட்டை போட்டு, பருத்தித் துணித் திரியைச் செருகி, கன்றுக்கு ஒரு முழம் தள்ளிக் கழுத்தளவு புதைத்துவிடுங்கள். வாயைத் தட்டால் மூடுங்கள், கொசு முட்டை இடாது. நிரப்பினால் நாலைந்து நாளைக்குக் கசிந்துகொண்டே இருக்கும். மேலே காய்ந்த சருகு, தேங்காய் மட்டை போட்டு மூடினால் ஈரம் காயாது. சுற்றிலும் சீமைக்கருவேல் முள்ளை வெட்டி அடைத்தால் ஆடு வராது. இந்த ஒரு காரியத்துக்காவது அந்த முள் பிரயோஜனப்படட்டுமே!

நடுகிற காலத்தையும் மாற்றச் சொல்லிக் கேட்கலாம். ஜூன் 5-ல் பிள்ளைகள் விதை ஊன்றட்டும். வேப்பங்கொட்டை அந்த நேரத்தில்தான் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும். புதிதாக விழுந்ததையே ஊன்ற வேண்டும், வைத்திருந்து போட்டால் முளைக்காது. பால் கவரிலும் தேங்காய் ஓட்டிலும் வளர்ந்த நாற்றை ஐப்பசி மழையில் நடட்டும். போட்டோவும் எடுத்தாயிற்று, கன்றும் பிழைத்தது. வேம்பு, புங்கன், பூவரசு, நாவல், இலுப்பை போன்றவை நம்ம மண்ணைத் தாங்கும். அழகுக்காக வாங்கி வருகிற பெயர் தெரியாத செடிகளை விட்டுவிடலாம்.

இரண்டு, சத்துணவுத் தோட்டம். காமராஜர் காலத்தில் 1956-ல் தொடங்கிய மதிய உணவு, 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். அவர்களால் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. பள்ளிகளில் காய்கறித் தோட்டம் போடும்படி மத்திய கல்வித் துறையும் 2019-ல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. பெரிய தோட்டம் வேண்டாம். இரண்டு முருங்கை, நாலு கறிவேப்பிலை, இரண்டு பப்பாளி, நாலு வாழை. தட்டுக் கழுவுகிற தண்ணீரை ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி வாழைக்கும் கல்வாழைக்கும் விடுங்கள். அரிசி, காய் கழுவிய தண்ணீர் கீரைப் பாத்திக்குப் போகட்டும். சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விடக் கூடாது. முருங்கைக்கீரை சாம்பாரில் விழுந்தால் ரத்தசோகை உள்ள பெண் பிள்ளைகளுக்கு நல்லது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூன்று, உரக்குழி. காய்த்தோல், மிச்சச் சோறு, முட்டை ஓடு எல்லாம் தினமும் விழுகிறது. சத்துணவில் முட்டை போடுகிற நாளில் 60 பிள்ளை என்றால் 60 முட்டை ஓடு. அதைக் காயவைத்து நொறுக்கி வாழை அடியில் போட்டால் சுண்ணாம்புச் சத்து. மற்றதை மூன்றடிக் குழியில் போட்டு, ஒவ்வொரு தடவையும் மேலே இரண்டு பங்கு காய்ந்த சருகும் ஒரு கை மண்ணும் சாணிக் கரைசலும் போட வேண்டும். சருகு குறைந்தால்தான் நாற்றமும் புழுவும். இதைச் சத்துணவு ஆயா அம்மாவின் தலையில் கட்டிவிடக் கூடாது. அவருக்கு அடுப்பு வேலையே சரியாக இருக்கும். சனிக்கிழமை சனிக்கிழமை இரண்டு தாய்மார் போய்க் கிளறிவிட்டு வரலாம். இலைச் சருகையும் பிளாஸ்டிக்கையும் ஒன்றாகக் குவித்துக் கொளுத்துகிற பழக்கத்தை மட்டும் அடியோடு நிறுத்துங்கள். அந்தப் புகை நேரே பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகிறது. இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் இருக்காது.

நாலு, மஞ்சள் பை. ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்தார்கள். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. பிளாஸ்டிக் இல்லாத வளாகமாக மாற்றுகிற பள்ளிகளுக்கு 10 லட்சம், 5 லட்சம், 3 லட்சம் ரூபாய் என்று விருதும் அறிவித்தார்கள். விருது கிடக்கட்டும். நம்ம பக்கம் தையல் மிஷின் இல்லாத தெரு உண்டா? பழைய சேலை, பாவாடை, வேட்டியில் ஒரு நாள் உட்கார்ந்தால் 20 பை தைக்கலாம். பழைய யூனிபார்மில் தைத்துக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு இன்னும் ஆசை. பிறந்தநாளுக்குப் பிளாஸ்டிக் தாள் சுற்றிய சாக்லேட் கொடுக்கிற வழக்கத்துக்குப் பதில், தூக்குவாளியில் பொரிவிளங்காய் உருண்டையோ, வேர்க்கடலை உருண்டையோ அனுப்புங்கள். அல்லது பள்ளி நூலகத்துக்கு ஒரு புத்தகம். நோட்டுக்கு அட்டை போடப் பழைய காலண்டர் தாள் போதும். வருஷக் கடைசியில் எழுதாத பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்தால் அடுத்த வருஷத்துக்கு ரஃப் நோட்டு ரெடி.

ஐந்து, பெரிய பெண் பிள்ளைகளின் விஷயம். இதை வெட்கப்பட்டுக்கொண்டு எழுதாமல் விடுவதற்கில்லை. 2012-ல் 'புதுயுகம்' திட்டம் வந்து கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு நாப்கின் கிடைக்க வழி பிறந்தது. எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு அதனால் நிற்காமல் இருக்கிறது. ஆனால் பயன்படுத்தியதை எங்கே போடுவது என்று சொல்லிக் கொடுக்க ஆளில்லை. கழிப்பறைக்குள் போட்டுவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் கழிப்பறையைப் பூட்டிவிடுவார்கள். பூட்டினால் பிள்ளை காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கி உட்கார்ந்திருக்கும். நீர்க்கடுப்பு அப்படித்தான் வருகிறது. நாப்கினில் பெரும்பகுதி பிளாஸ்டிக்தான், மண்ணில் மக்காது. செய்தித்தாளில் சுற்றித் தனியாகப் போட மூடியுள்ள ஒரு கூடை, பழைய தாள்கள் அடுக்கிய ஒரு பெட்டி, இரண்டும் பெண்கள் கழிப்பறையில் இருக்கிறதா என்று மேலாண்மைக் குழுவில் நாம்தான் கேட்க வேண்டும். துணி பயன்படுத்துகிற பிள்ளைக்கு அதை அலசி நல்ல வெயிலில் காயப்போட வேண்டும் என்று அம்மா சொல்லித்தர வேண்டும். இருட்டு மூலையில் காய்ந்தால் நோய்தான்.

ஆறு, மழைநீர்த் தொட்டி. 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பல பள்ளிகளில் குழாய் இருக்கிறது. ஆனால் குழாய் நுனி உடைந்தோ, சருகு அடைத்தோ கிடக்கிறது. புரட்டாசி பிறந்ததும் மாடியைக் கூட்டி, குழாயைக் குத்திவிட்டு, தொட்டி மணலை மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வீட்டு ஆண்களுக்கு இந்த வேலையைக் கொடுங்கள், பிகு பண்ணாமல் வருவார்கள். முதல் மழைத் தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே விட்டுவிட வேண்டும். நம் மாவட்டத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பிள்ளைகளின் பல்லில் மஞ்சள் கறை விழும். நெடுநாள் குடித்தால் எலும்பையும் பாதிக்கும். கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. ஆகவே பள்ளித் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லி ஊராட்சியில் கேட்பதும் நம் வேலைதான்.

வேலை வாங்குகிறார்களா, கற்றுக்கொடுக்கிறார்களா?

மேலே சொன்ன அந்தச் சண்டைக்கார அம்மாவின் கோபத்தையும் நாம் தள்ளிவிட முடியாது. நம்ம நாட்டில் "யார் வீட்டுப் பிள்ளை கூட்டும், யார் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கும்" என்ற கேள்வி பழைய கேள்வி. அந்த அம்மாவின் மனசில் அந்தப் பயம் இருந்தால் அதற்குக் காரணமும் இருக்கும்.

ஆகையால் சில விஷயங்களை ஆரம்பத்திலேயே டீச்சரோடு உட்கார்ந்து பேசித் தீர்மானித்துவிட வேண்டும். எந்த வேலையானாலும் வருகைப் பதிவேட்டில் உள்ள வரிசைப்படி எல்லாப் பிள்ளைகளுக்கும் முறை வர வேண்டும். இந்தத் தெருப் பிள்ளை, அந்தத் தெருப் பிள்ளை என்ற பேச்சே இருக்கக் கூடாது. தலைவர் வீட்டுப் பையனுக்கும் உண்டு. கூட்டுவது பெண் பிள்ளைக்கு, தண்ணீர் பாய்ச்சுவது ஆண் பிள்ளைக்கு என்றும் பிரிக்கக் கூடாது. கழிப்பறை கழுவுவது பிள்ளைகளின் வேலையே இல்லை. அதற்குச் சம்பளத்துக்கு ஆள் போட வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் வேலை இருக்கக் கூடாது. செய்த வேலையைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். எத்தனை இலை விட்டது, எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தது என்று நோட்டில் எழுத வேண்டும். எழுதினால் அது பாடம். எழுதாமல் வெறுமனே சுமக்கச் சொன்னால் அது கூலி இல்லாத வேலை.

இந்த முறைப் பட்டியலை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மீதிச் சண்டையை டீச்சர் சமாளிக்க வேண்டாம், நாம் பார்த்துக்கொள்ளலாம். "ஏ மதினி, எம்மகனுக்கும் நாளைக்கு முறை வருது, வந்து பாரேன்" என்று நாம் சொன்னால் எடுபடுகிற மாதிரி டீச்சர் சொன்னால் எடுபடாது.

மலையில் இருக்கிற அதிர்ஷ்டம்

எங்கள் பக்கத்து ஆசிரியர்களுக்கு இன்னொரு நல்ல பாடம் கண்ணெதிரே இருக்கிறது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று அறிவித்தார்கள். தேவாங்குக்கென்று இந்தியாவில் ஏற்பட்ட முதல் சரணாலயம் அதுதான். "தேவாங்கு மாதிரி முழிக்கிறான்" என்று பிள்ளைகளைத் திட்டுகிறோமே, அந்தப் பிராணி ராத்திரியில் வெளியே வந்து, பயிரைக் கெடுக்கிற பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவி செய்கிறது. மந்திரம், மருந்து என்று சொல்லி அதைப் பிடித்துத் துன்புறுத்துவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நம் வீட்டுப் பெரியவர்கள் எந்த மரத்தில் அதைப் பார்த்தார்கள், அந்த மரம் இன்னும் இருக்கிறதா என்று பிள்ளை கேட்டு எழுதிக்கொண்டு போனால், டீச்சருக்கு அதைவிட நல்ல வீட்டுப்பாடம் எது? ஊரில் உள்ள தாத்தா, அப்பத்தாக்களை வருஷத்துக்கு இரண்டு நாள் பள்ளிக்கு அழைத்து, பழைய கிணறு, குளம், விதை, மழைக்குறி பற்றிப் பேசச் சொல்லலாம். சம்பளம் இல்லாத சிறப்பு ஆசிரியர்கள் அவர்கள்!

சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொள்ள

ஜூன்: விதை சேகரித்தல், ஒரு வாரக் கணக்கெடுப்பு.
ஜூலை, ஆகஸ்ட்: பை தைத்தல், உரக்குழி தோண்டுதல். சுதந்திர தினத்தன்று மிட்டாயைப் பிளாஸ்டிக் இல்லாமல் கொடுத்தல்.
செப்டம்பர்: மாடி, குழாய், மழைநீர்த் தொட்டி சுத்தம்.
அக்டோபர், நவம்பர்: கன்று நடுதல், முள்வேலி.
டிசம்பர், ஜனவரி: கீரைப் பாத்தி. உரம் எடுத்து இடுதல். தண்ணீர்ப் பரிசோதனை.
பிப்ரவரி, மார்ச்: மறுபடி ஒரு வாரக் கணக்கெடுப்பு. ஜூன் கணக்கோடு ஒப்பிடுதல்.
ஏப்ரல், மே: பானை புதைத்தல், வீட்டுக்கு ஒரு மரம், லீவுத் தண்ணீர் முறை. எழுதாத தாள் சேர்த்தல்.

இதில் எல்லாமே நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. முதல் வருஷம் இரண்டு வேலை நடந்தால் போதும். நாலு கன்று நட்டு நாலும் பிழைத்தால், 40 நட்டு 40-ம் கருகுவதைவிட எவ்வளவோ மேல். டீச்சர் மாற்றலாகிப் போனாலும் ஊர்க்காரப் பெண்கள் மாற்றலாகிப் போவதில்லை. மன்றம் நிலைத்து நிற்க வேண்டுமானால் அதன் ஒரு கால் ஊருக்குள் ஊன்றியிருக்க வேண்டும்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எந்தத் தேதி என்று நாளைக் காலையில் பிள்ளையை விட்டு டீச்சரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். போகும்போது ஒரு மஞ்சள் பையை மட்டும் கையில் எடுத்துப் போங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் என்ன செய்தீர்கள், எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எழுதுங்கள். நடக்காததையும் எழுதுங்கள் சகோதரிகளே, அதுவும் இன்னொரு ஊருக்குப் பயன்படும்.